வேலைத்தளக் கணனியும் வைரஸ் எச்சரிக்கையும்



வீட்டுத்தோட்டம், சேமிப்புக் குழு, கிணற்று நீர் என்று எழுதி வந்த பக்கத்தில் இம்முறை கணனி பற்றி எழுதுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஒருகொடவத்தையிலும் அதன் அயலிலும் நாம் சந்திக்கும் குடும்பங்களின் நிலைமை மாறிவிட்டது. வன்னியிலும் மன்னாரிலும் படுவான்கரையிலும் வயல் செய்த பெற்றோர் யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இங்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கொள்கலன் முற்றங்களின் வாசல் கந்தோர்களிலும், களஞ்சியங்களிலும், பாரவூர்தி நிறுவனங்களிலும், ஆடைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும் கணனிக்கு முன்னால் இருந்து உழைக்கிறார்கள். காணியை விட்டு வந்த வீட்டுக்கு அந்தச் சம்பளமே இன்றைய விளைச்சல். அந்தச் சம்பளத்துக்கு ஒரு சிறிய சிவப்புப் பெட்டியால் ஆபத்து வந்ததை அண்மையில் கண்டதால் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஒரு நாள் மாலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் எமக்காகக் காத்திருந்தார். "சுவாமி, பிள்ளையை வேலையால நிப்பாட்டப் போறாங்களாம். தான் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்றாள். ஆனா நாலைஞ்சு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை" என்றார்.

விசாரித்தபோது விடயம் இப்படியிருந்தது. ஊரிலுள்ள காணியின் அனுமதிப்பத்திரத்தை ஒரு கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க அதன் பிரதி ஒன்று தேவைப்பட்டது. மகள் வழியிலுள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் அந்தப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். கடையின் அச்சு இயந்திரம் பழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது. மதிய இடைவேளையில் கந்தோரிலேயே ஒரு பிரதி எடுத்துவிடலாம் என்று நினைத்துப் பென் டிரைவைத் தன் கணனியில் செருகினாள். திரையின் வலது பக்கக் கீழ் மூலையில், சிவப்பு அடையாளத்துடன், ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழுந்தது. அதை வாசித்து முடிக்கும் முன்னரே மூடினாள். பென் டிரைவை இழுத்தெடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான்காம் நாள் கணனிப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு தாளுடன் வந்தார். அவளுடைய கணனியின் இலக்கம், அவள் உள்நுழையும் பெயர், திகதி, 12.47 என்ற நேரம், பிடிபட்ட கோப்பின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. "நான் ஒன்றும் போடவில்லை சேர்" என்று அவள் சொன்னாள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது அந்தப் பதிலுக்காகவே. வைரசுக்காக அல்ல. வைரஸ், செருகிய கணத்திலேயே தடுக்கப்பட்டுவிட்டது. நிறுவனத்தின் ஒரு கோப்புக்கும் சேதமில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"ஏன் பிள்ளை மறைத்தாய்?" என்று கேட்டோம். "பயம் சுவாமி" என்றாள். இந்தப் பயத்தை நாம் அறிவோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே, கண்டதைக் காணாதது போல் இரு என்று சோதனைச் சாவடிகளின் காலத்தில் எமது வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பழக்கம் அன்று பல உயிர்களைக் காத்தது. இந்தப் பிள்ளை அந்தக் காலத்தில் குழந்தை. பழக்கம் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. கணனிக்கு முன்னால் அது எமக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

வைரஸ் என்றால் என்ன?

வைரஸ் என்பது ஒரு நோய்க் கிருமியல்ல. தீய நோக்கத்துடன் மனிதர் எழுதிய ஒரு கட்டளைத் தொகுதி. விதை நெல்லுக்குள் களை விதை கலந்து வருவதுபோல, வேறொரு கோப்போடு சேர்ந்து வரும். பின்னர் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். தனியாள் கணனிகளிடையே உலகெங்கும் பரவிய முதலாவது வைரஸ்களில் ஒன்று எமது அயலில்தான் பிறந்தது. 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் எழுதிய அதன் பெயர் 'பிரெய்ன்'. அதற்குள் தங்கள் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையுமே எழுதி வைத்திருந்தார்கள்! இன்று இதைச் செய்பவர்கள் முகவரி தருவதில்லை. பணம் பறிப்பதே அவர்களில் பலருடைய தொழில்.

இதைப் பிடிப்பதற்கான மென்பொருளே வைரஸ் தடுப்பு மென்பொருள். அது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. வயலில் தத்தியைக் கண்டவுடன் நீங்கள் அடையாளம் காண்கிறீர்கள். அது பழகிய எதிரி. அதேபோல, தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களை இம்மென்பொருள் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். இரண்டாவது வழி, பூச்சியைக் காணாவிட்டாலும் பயிர் வட்டம் வட்டமாகக் காய்வதைக் கண்டு ஏதோ இருக்கிறது என்று நீங்கள் ஊகிப்பது போன்றது. ஒரு கோப்பு நூற்றுக்கணக்கான மற்றக் கோப்புகளை அவசரமாக மாற்றத் தொடங்கினால், பெயர் தெரியாவிட்டாலும் மென்பொருள் அதை நிறுத்தும். பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் காவலாளி போன வருடத்துக் கள்வனின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பான்.

இதில் எமக்கும் அனுபவம் உண்டு. எமது அலுவலகக் கணனியில் அந்த மென்பொருளின் வருடச் சந்தா முடிந்துவிட்டது என்று மஞ்சள் நிறத்தில் ஒரு அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அதை மூடிவிட்டு வேலையைத் தொடங்கினோம். இரண்டு மாதங்கள் கழித்து யாரோ கொண்டுவந்த ஒரு பென் டிரைவினால் எல்லாக் கோப்புறைகளும் காணாமற்போயின. கிணறு திருத்தும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைத் திரும்பத் தட்டச்சுச் செய்ய இரண்டு வாரம் சென்றது. ஆகவே இதை மேடையில் நின்று போதிப்பவர்களாக எழுதவில்லை.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. ஆங்கிலம் குறைவு என்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. நாலைந்து சொற்கள் போதும். 'த்ரெட்' என்றால் ஆபத்து. 'புளொக்ட்' என்றால் தடுத்தாயிற்று. 'ரிமூவ்ட்' என்றால் அகற்றியாயிற்று. இந்த இரண்டு சொற்களும் வந்தால், வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது என்று பொருள். அது ஒரு தகவல். 'அக்ஷன் நீடட்' என்று வந்தால் மென்பொருள் ஒரு தீர்மானத்துக்காகக் காத்திருக்கிறது. 'அலோ' என்றால் உள்ளே விடு என்பது. அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்களாக அழுத்தக் கூடாது.

'குவாரண்டீன்' என்ற சொல்லுக்கு ஒருகொடவத்தைக்காரருக்கு விளக்கமே தேவையில்லை. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன்களில் சிலவற்றைச் சுங்கத்தினர் எமது பகுதி முற்றங்களில் நிறுத்திப் பரிசோதிப்பதைத் தினமும் காண்கிறீர்கள். நிறுத்தப்பட்ட கொள்கலன் எல்லாம் கடத்தல் பொருள் அல்ல. பெரும்பாலும் பருப்பும் ஓடும் துணியும்தான். ஆனால் 2013ஆம் ஆண்டில் இங்கேயே ஒரு கொள்கலனுக்குள் இருந்து பெருந்தொகை ஹெரோயின் பிடிபட்டதும் நினைவிருக்கும். திறந்து பார்க்கும் வரை அது பூட்டிய நிலையில், ஒருவரும் தொடாமல் நிற்கும். கணனியிலும் அப்படித்தான். சந்தேகத்துக்குரிய கோப்பு அழிக்கப்படவில்லை; ஓடவும் முடியாது; ஒதுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது. முற்றத்தில் பூட்டை உடைத்துக் கொள்கலனை வெளியே விடும் அதிகாரம் வாசல் எழுதுவினைஞருக்கு எப்படி இல்லையோ, அப்படியே இங்கும் இல்லை.

கணனி யாருடையது?

வீட்டுக் கணனிக்கும் வேலைத்தளக் கணனிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வேலைத்தளக் கணனியில் வைரஸ் தடுப்பு அமைப்பைத் திறந்து பார்த்தால், சில தெரிவுகள் மங்கலாக இருக்கும். உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்று பொருள்படும் ஒரு வரியும் இருக்கும். தொழில்தருநர் எல்லாக் கணனிகளையும் ஓரிடத்திலிருந்து நடத்துகிறார் என்பதே அதன் அர்த்தம். உங்கள் திரையில் எச்சரிக்கை எழும்போது, அதே செய்தி கணனிப் பிரிவுக்கும் போகிறது. எந்தக் கணனி, யார் உள்நுழைந்திருந்தார், எந்தக் கோப்பு, எங்கிருந்து வந்தது, எத்தனை மணி என்பன அங்கே பதிவாகும். நீங்கள் பெட்டியை மூடினாலும் அந்தப் பதிவு மூடப்படுவதில்லை. ஒளிப்பதனால் மறைவது ஒன்றுமில்லை. நீங்கள் முன்வந்து சொன்னீர்களா, கேட்கும் வரை இருந்தீர்களா என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிறுவனக் கணனியில் வைக்கும் எதையும் நிறுவனம் பார்க்கக்கூடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காணிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதி போன்றவற்றை அதில் வைக்க வேண்டாம். தேவையென்றால் மேலதிகாரியிடம் கேட்டு, அனுமதியுடன் ஒரு பிரதி எடுக்கலாம். பல மேலதிகாரிகள் மறுப்பதில்லை.

எச்சரிக்கை வந்தால் முதலில் கையை எடுங்கள். பெட்டியை மூடாமல் வாசியுங்கள். நேரத்தையும் பெட்டியிலுள்ள சொற்களையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்க அனுமதி இருந்தால் இன்னும் நல்லது. பின்னர் கணனிப் பிரிவுக்கு, அது இல்லாவிட்டால் மேலதிகாரிக்கு, உடனே சொல்லுங்கள். சிங்களம் மட்டும் பேசுபவர் என்றால் "சேர், வைரஸ் மெசேஜ் எகக் ஆவா" என்றால் போதும். மற்றதை அவர் வந்து பார்ப்பார். பென் டிரைவை ஒளிக்காமல் அவரிடம் கொடுங்கள். வேறொரு கணனியில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அடுத்த மேசைக்கும் அதைக் கொண்டுபோனவர் நீங்களாவீர்கள். கோப்புகளின் பெயர்கள் கண்ணெதிரே மாறத் தொடங்கினாலோ, பணம் கேட்டு ஒரு அறிவித்தல் திரையை நிரப்பினாலோ காத்திருக்கக் கூடாது. வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள், அல்லது வைஃபையை நிறுத்துங்கள். கணனியை அணைப்பதா இல்லையா என்பதைத் தெரிந்தவர் சொல்லட்டும்.

போலி எச்சரிக்கை

வேறொரு வகைப் பெட்டியும் உண்டு. இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவப்பாகும், சைரன் ஒலிக்கும், மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் பெயரில், இந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள் என்று வரும். இது எச்சரிக்கையல்ல, தூண்டில். வேலைத்தளக் கணனியிலுள்ள உண்மையான தடுப்பு மென்பொருள் உங்களிடம் பணம் கேட்காது, கடவுச்சொல் கேட்காது, முன்பின் தெரியாத இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லாது. அழைத்தால் மறுமுனையில் மிக மரியாதையாகப் பேசும் ஒருவர், கணனியைத் தன் கையில் எடுத்துக்கொள்ள ஒரு மென்பொருளை ஏற்றச் சொல்வார். போலியா உண்மையா என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே: கையை எடுத்து, கணனிப் பிரிவை அழைப்பது. அந்த இலக்கத்தையும் திரையிலிருந்து எடுக்காமல், நிறுவனம் தந்த பட்டியலிலிருந்து எடுங்கள்.

காவலாளியும் தவறு செய்வான். ஊரிலுள்ள ஒரு மென்பொருளாளர் எழுதிக்கொடுத்த சம்பளக் கணக்கு மென்பொருளை வைரஸ் என்று நினைத்துப் பூட்டிவிடுவது புதினமல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பித்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நின்றன. விமான நிலையங்களில் பயணிகள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் பொய் அலாரம் என்று தீர்மானிப்பது எழுதுவினைஞரின் வேலையல்ல. மத்தேயு நற்செய்தியில் வரும் களைகளின் உவமையை நினைத்துப் பாருங்கள். களையைக் கண்ட வேலையாட்கள் தாங்களாகவே இறங்கிப் பிடுங்கவில்லை. கண்டும் காணாதவர்போல் இருக்கவும் இல்லை. வயலுக்குரியவரிடம் போய்ச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டார்கள். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று அவர் தீர்மானித்தார். உவமையின் பொருள் வேறு. ஆனால் வேலையாட்கள் நடந்துகொண்ட விதத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை.

சிறிய அடையாளங்களை விட்டுவிட்டால்

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்த திருட்டில் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருடர்கள் வாசலை உடைத்துக்கொண்டு வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னர், வேலை தேடும் ஒருவர் தன் விபரங்களை அனுப்புவது போன்ற மின்னஞ்சல்கள் வங்கி ஊழியர்களுக்கு வந்தன, சிலர் திறந்தார்கள். அதன் வழியே நுழைந்தவர்கள் மாதக்கணக்கில் பொறுமையாக இருந்தார்கள். பின்னர் சுமார் 95 கோடி டொலருக்குக் கட்டளைகள் அனுப்பினார்கள். அதில் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போனது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு வங்கிக் கணக்குக்கு வந்தது. பெறுநரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் சந்தேகம் எழுந்து, அந்தப் பணம் தடுக்கப்பட்டுத் திரும்பியது. ஒரு எழுத்துப் பிழையைப் பொருட்படுத்தியதால் 2 கோடி டொலர் காப்பாற்றப்பட்டது. மறுபக்கத்தில், டாக்காவில் அந்த வங்கியின் அச்சு இயந்திரம் திடீரென நின்றபோது, வழக்கமான பழுதுதானே என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். திருடர்களே அதை நிறுத்தியிருந்தார்கள்.

எல்லாம் சிறிய ஊழியரின் தவறு என்று எண்ணிவிடவும் கூடாது. 2017 ஜூன் 27 அன்று பரவிய 'நொட்பெட்யா' உக்ரேனில் வரிக் கணக்குக்குப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் புதுப்பித்தல் வழியாக நுழைந்தது. கொள்கலன் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் அதனால் முடங்கியது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் நின்றது. 4,000 சேர்வர்களையும் 45,000 கணனிகளையும் பத்து நாட்களில் திரும்ப அமைத்தார்கள். அங்கே எந்த எழுதுவினைஞரும் பென் டிரைவ் போடவில்லை. எமது நாட்டில் 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் அமைப்பு தாக்கப்பட்டபோது, சுமார் 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பழைய மென்பொருளும், அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி இல்லாததுமே அங்கு குறை. அதாவது நிறுவனத்துக்கும் கடமை உண்டு: மென்பொருளைப் புதுப்பிப்பது, பிரதி எடுத்து வைப்பது, தமிழ் மட்டும் தெரிந்த ஊழியருக்கு எச்சரிக்கை என்றால் என்ன என்று விளங்கப்படுத்துவது. கடைசியாகச் சொன்னதை மிகச் சில இடங்களிலேயே செய்கிறார்கள்.

பொலிஸ் என்ற பயமும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணனிக் குற்றங்கள் சட்டம் வேண்டுமென்றே, அதிகாரமின்றிச் செய்யும் செயல்களைப் பற்றியே பேசுகிறது. தெரியாமல் ஒரு பென் டிரைவைச் செருகியவரை அது தேடவில்லை. ஆயினும் பென் டிரைவ் போடக்கூடாது என்று நிறுவன விதி இருந்தால், அதை மீறியதற்கு விளக்கம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்காக நினைத்தபடி சம்பளத்தில் கழிக்க முடியாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் கேட்கலாம்.

அந்தப் பிள்ளையின் விடயத்தில், நடந்ததை நடந்தபடி தன் கையால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னோம். முதலில் மறுத்ததையும் ஏன் மறுத்தாள் என்பதையும் சேர்த்தே எழுதினாள். நாமும் கூடச் சென்றோம். பேச வேண்டி வரவில்லை. முகாமையாளர் வாசித்துவிட்டு, எச்சரிக்கைக் கடிதத்துடன் வேலையில் தொடர விட்டார். கணனிப் பிரிவுத் தம்பி பென் டிரைவைத் துப்புரவாக்கித் திருப்பிக் கொடுத்தார். படம் பத்திரமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை தாய் அசல் அனுமதிப்பத்திரத்தையே கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்து மூன்று போட்டோப் பிரதிகள் எடுத்தார். அதற்குக் கணனியே தேவைப்படவில்லை.

குழுவில் கலந்துரையாட: உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கணனிப் பிரிவின் தொலைபேசி இலக்கம் தெரியுமா? வேலைத்தளத்தில் ஒரு பிழை நடந்தால் முதலில் யாரிடம் சொல்வார், வீட்டில் சொல்வாரா? சொன்னால் வீட்டில் கிடைக்கும் முதல் பதில் என்ன?